கொடுத்த கையும் காத்த கையும்



முக்குடைக்கீழ் அமர்ந்தருளும் அருகப் பெருமானின் திருவடிகளை மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் வணங்கி, ஆலயம் எடுத்தலாகிய அறத்தைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

ஜினாலயம் ஒன்றை எழுப்புவோர்க்கு அளவிலாப் புண்ணியம் உண்டு என்று நம் முன்னோர் மொழிந்தனர். அதனை நாமும் நம்புகின்றோம். ஆயின், எழுப்பிய ஆலயம் எதனால் நிலைபெறுகின்றது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. கல்லின் உறுதியாலா? கட்டிய அரசரின் ஆற்றலாலா? சிற்பியின் திறத்தாலா? இவ்வினாவுக்கு விடை காண, கருநாடகத்துச் சிற்றூர் ஒன்றினை மனக்கண்ணால் காண்போம். அதன் பின்னர் நம் தமிழகத்துச் சிற்றூர்கள் இரண்டினையும் காண்போம்.

லொக்கிகுண்டி என்னும் லக்குண்டி

கதக் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், ஹுப்பள்ளியிலிருந்து ஹொசப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர் லக்குண்டி. கல்வெட்டுகள் இதனை லொக்கிகுண்டி என்று குறிக்கும். கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கியர் காலத்தில் இது வணிகர் நிறைந்த செல்வ நகராக விளங்கிற்று. பொற்காசு அடிக்கும் அக்கசாலை இங்கிருந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹொய்சள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன் இவ்வூரிலிருந்து ஆட்சி செலுத்தினான். நூற்றொரு கோயில்களும் நூற்றொரு கிணறுகளும் கொண்ட ஊர் என்பது அவ்வூர் மக்களின் வழக்கு.

இன்று அக்கசாலை இல்லை. அரண்மனை இல்லை. கோயில்களிற் சிலவும், படிகள் இறங்கிச் செல்லும் அழகிய கிணறுகளிற் சிலவும் எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் பழமையும் பெருமையும் வாய்ந்தது பிரம்ம ஜினாலயம். சிவபெருமானுக்குரிய காசிவிசுவேசுவரர் கோயில், நன்னேசுவரர் கோயில், மாணிக்கேசுவரர் கோயில் ஆகியவையும் அவ்வூரிலேயே உள்ளன.

மாக்கல்லில் மலர்ந்த கலை

பாதாமி, ஐஹொளெ, பட்டதக்கல் ஆகிய ஊர்களில் முற்காலச் சாளுக்கியர் எடுத்த கோயில்கள் மணற்கல்லால் ஆனவை. மணற்கல் பருமனான துண்டுகளாக வெட்டுவதற்கு ஏற்றது. நுண்ணிய வேலைப்பாட்டுக்கு அத்துணை ஏற்றதன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்குண்டிச் சிற்பிகள் மாக்கல்லைக் கையாண்டனர். நம் இல்லங்களில் குழம்பு காய்ச்சும் கல்சட்டி எந்தக் கல்லால் ஆயதோ, அவ்வினத்தைச் சேர்ந்த கல் அது. நிலத்தினின்று எடுத்த புதிதில் உளிக்கு எளிதில் இணங்கும். காற்றும் வெயிலும் பட்டபின் இறுகும். இக்கல்லால் எழுந்த முற்பட்ட கோயில்களுள் ஒன்று பிரம்ம ஜினாலயம். கல் மாறியதால் கலையும் மாறியது. தூண்களைக் கடைசல் பிடித்து, வளையம் வளையமாக இழைத்து, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றும் திறன் வளர்ந்தது. ஹொய்சளர் காலத்தில் பேலூரிலும் ஹளேபீட்டிலும் உச்சம் தொட்ட கலைக்கு இங்கேதான் வித்து ஊன்றப்பட்டது.

பிரம்ம ஜினாலயம் கிழக்கு நோக்கியது. கருவறை, அதனை அடுத்த இடைநாழி, மூடிய மண்டபம், முன்னே தூண்கள் வரிசையாக நிற்கும் திறந்த முகமண்டபம் என்னும் ஒழுங்கில் அமைந்தது. கருவறை மேல் தளம் தளமாகக் குறுகி உயரும் திராவிட விமானம் உள்ளது. சுவர்களில் அரைத்தூண்களும் அவற்றிடையே சிறு கோட்டங்களும் அளவோடு அமைந்துள்ளன. அலங்காரம் உண்டு, ஆரவாரம் இல்லை. மண்டபத்தின் உள்ளே நான்முகப் பிரம்மரின் திருவுருவும் பத்மாவதி தேவியின் திருவுருவும் உள்ளன. பிரமதேவரையும் பத்மாவதி அம்மனையும் நம் ஊர் ஆலயங்களில் நாள்தோறும் வணங்கும் தமிழ்ச் சமணர்க்கு, அம்மண்டபத்துள் நுழைந்தால் அயலூர் என்னும் உணர்வே தோன்றாது.

இதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிற்பட்டது காசிவிசுவேசுவரர் கோயில். சிவனுக்குரிய கருவறையும் சூரியனுக்குரிய சிறு கருவறையும் ஒன்றையொன்று நோக்கியவாறு அமைந்த இரட்டைக் கோயில் அது. வாயில் நிலைகளில் கொடிக்கருக்கு அடுக்கடுக்காகச் செல்லும். சுவர் முழுவதும் சிறு விமான வடிவங்களால் நிறைந்திருக்கும். ஜினாலயத்தில் அரும்பாக இருந்த கலை, அங்கே மலராக விரிந்தது எனலாம்.

இங்கு நாம் ஓர் உண்மையைக் கருதவேண்டும். ஜினாலயத்துக்கு ஒரு சிற்ப மரபு, சிவாலயத்துக்கு வேறொரு சிற்ப மரபு என்று அக்காலத்தில் இருந்ததில்லை. அதிட்டானம், சுவர், தளம், சிகரம், கலசம் என்னும் உறுப்புகள் இரண்டுக்கும் பொது. வேற்றுமை கருவறைக்குள்ளேதான் விளங்குகின்றது. அருகனின் கையில் படைக்கலம் இல்லை; அருகில் துணைவி இல்லை; முகத்தில் சினமும் இல்லை, வரமளிக்கும் முனைப்பும் இல்லை. சமவசரணத்தில் எல்லா உயிர்களுக்கும் அறமுரைத்த பெருமானின் அமைதியே அங்குக் கல்லாகி அமர்ந்துள்ளது. புறத்தே ஒற்றுமை, அகத்தே தனித்தன்மை! பிற சமயத்தாரோடு கலந்து வாழும் நமக்கு அக்கட்டடமே ஒரு பாடமன்றோ?

தான சிந்தாமணி

இவ்வாலயத்தை எடுத்தவர் அரசர் அல்லர், ஒரு சிராவகி. அத்திமப்பை அம்மையார் என்பது அவர்தம் திருப்பெயர். மல்லப்பர் என்பாரின் மகளார். சாளுக்கியப் படைத்தலைவர் நாகதேவரின் துணைவியார். இரண்டாம் தைலபன் காலத்திலும் அவன் மகன் சத்தியாசிரயன் காலத்திலும் வாழ்ந்தவர். சக ஆண்டு 929, அஃதாவது கி.பி. 1007ஆம் ஆண்டுக்குரிய லக்குண்டிக் கல்வெட்டு இவருடைய அறச்செயல்களைப் போற்றுகின்றது.

அத்திமப்பையாரும் அவர் தங்கை குண்டமப்பையும் நாகதேவரையே மணந்தவர்கள். நாகதேவர் போரில் மடிந்தபோது தங்கை கணவரின் ஈமத்தீயில் புகுந்தார் என்றும், தமக்கையார் மகனை வளர்த்துக்கொண்டு நோன்பும் தானமுமே வாழ்வாகக் கொண்டார் என்றும் கன்னட இலக்கிய மரபு கூறும். தங்கையின் துயரை நாம் பழித்தல் ஆகாது. ஆயினும், தன்னுயிரையும் கொல்லாமையே அருகநெறி. வெம்மையான துயரை உடலை எரிக்கும் தீயாக ஆக்காமல், வினையை எரிக்கும் தவமாக ஆக்கிக்கொண்டவர் அத்திமப்பையார். கைம்மை வாழ்வு இருளென்று கருதிய காலத்தில், அதனையே ஓர் ஊருக்கு விளக்காக்கினார்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பதை நீவிர் அறிவீர். அத்திமப்பையார் செய்த தானங்களுள் என் நெஞ்சை மிகவும் கவர்வது சாத்திர தானமே. பொன்னர் என்னும் பெருங்கவிஞர், பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் வரலாற்றைச் சாந்திபுராணம் எனக் கன்னடத்தில் இயற்றினார். அந்நூல் எழக் காரணமானவர்கள் அத்திமப்பையாரின் தந்தையாரும் சிற்றப்பாவும் ஆவர். குடும்பத்தார் போற்றிய அந்நூல் காலப்போக்கில் மறைந்துவிடலாகாது என்று கருதி, அம்மையார் அதனை ஆயிரம் படிகள் எழுதச்செய்து வழங்கினார். 1500 ஜினபிம்பங்களைச் செய்வித்து அளித்தார் என்றும் மரபு கூறும்.

ஆயிரம் படிகள் என்பதை எண்ணிப் பாருங்கள்! அச்சுப்பொறி இல்லாத காலம். ஓலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறி, மை தடவித் துடைத்து, துளையிட்டுக் கயிறு கோத்து, சட்டம் இட்டுக் கட்ட வேண்டும். ஒரு படி எழுதவே பல நாள் ஆகும். அவ்வாறு ஆயிரம்! எத்தனை எழுத்தர்களுக்கு உணவும் உறையுளும் ஊதியமும் அளித்திருக்க வேண்டும்! கவிச்சக்கரவர்த்தி ரன்னர், இரண்டாம் தீர்த்தங்கரரைப் பாடிய அஜிதபுராணத்தை கி.பி. 993இல் இயற்றியதும் இவ்வம்மையாரின் ஆதரவால்தான். வளையல் விற்கும் குடியில் பிறந்த அக்கவிஞருக்குப் பிறப்பு நோக்காது புரந்தவர் கிடைத்தார். மக்கள் அம்மையாரைத் தான சிந்தாமணி என்று அழைத்தனர். இன்றும் கருநாடக அரசு அவர் பெயரால் பெண் எழுத்தாளர்களுக்கு விருது வழங்கிவருகின்றது.

ஆலயம் எடுத்த அம்மையார், ஆலயத்தோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் உணரவேண்டியது. கட்டடம் உடல், நூல் அதன் உயிர். உயிரில்லா உடல் எத்தனை நாள் நிற்கும்?

போர் எரித்ததும் அறம் எடுத்ததும்

அத்திமப்பையாரின் கல்வெட்டு எழுந்த அதே சக ஆண்டு 929இல், ஹொட்டூர் என்னும் ஊரில் மற்றொரு கல்வெட்டு எழுந்தது. சோழப் படை ஒன்பது நூறாயிரம் வீரரோடு வந்து நாட்டைப் பாழாக்கிற்று என்று அது கூறுகின்றது. பகைவரின் எண்ணிக்கையைப் பெருக்கிக் கூறுவது அக்கால வழக்கு எனினும், பெரும்போர் நிகழ்ந்தது உண்மை. அது முதலாம் இராசராசன் காலம். அதற்குப் பிந்தைய படையெடுப்பு ஒன்றில், லக்குண்டியை அடுத்த பெளுவோல நாட்டில் கங்க மன்னன் எடுத்த ஜினாலயங்களைச் சோழன் எரித்தான் என்று கி.பி. 1071ஐச் சேர்ந்த கவர்வாட் கல்வெட்டு துயரோடு பதிவுசெய்கின்றது. எரிந்த ஆலயத்தைப் புதுப்பித்து அறக்கட்டளையை மீண்டும் நிறுவிய செய்தியையும் அக்கல்வெட்டே தருகின்றது.

எரித்த படை நம் தமிழ் பேசிய படை. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதே சோழர் குடியில் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் ஜினாலயங்கள் எடுத்தார் என்பதும் உண்மையன்றோ? ஹிம்சை ஒரு மொழிக்கோ ஒரு குலத்துக்கோ உரியதன்று. அது கஷாயத்தின் விளைவு. சினமும் செருக்கும் மாயமும் பற்றும் எவர் நெஞ்சில் ஓங்கினும் அவர் கையில் தீப்பந்தம் ஏறும். அவை அடங்கினால் அதே கை விளக்கேற்றும். எரித்தவர் யாரென்று ஆயிரம் ஆண்டு கழித்துக் கணக்கிட்டுச் சினம் கொள்வது, அவர் வினையில் நாமும் பங்கு கேட்பதாகும். மீண்டும் எடுத்தவர் யாரென்று நினைந்து அவ்வழி நிற்பதே சிராவகர்க்கு அழகு.

தாதாபுரமும் திருமலையும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம், சோழர் காலத்தில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. லக்குண்டியில் அத்திமப்பையார் அறம் செய்த ஏறக்குறைய அதே ஆண்டுகளில், குந்தவைப் பிராட்டியார் அவ்வொரே ஊரில் சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், அருகனுக்குக் குந்தவை ஜினாலயம் என மூன்று ஆலயங்களை எடுத்தார். மூன்றுக்கும் வாரி வழங்கினார். ஒரு பெண்மணியின் நெஞ்சில் மூன்று சமயங்களுக்கும் இடமிருந்தது.

இன்று தாதாபுரம் செல்வோர் சிவாலயத்தைக் காணலாம். பெருமாள் கோயிலையும் காணலாம். ஜினாலயம் மட்டும் இல்லை. கல்வெட்டில் பெயர் இருக்கின்றது. நிலத்தில் கட்டடம் இல்லை.

மூன்றையும் எடுத்த கை ஒன்றே. காலமும் ஒன்றே, மழையும் வெயிலும் மூன்றுக்கும் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒன்று மட்டும் மறைந்தது ஏன்? பிறரைக் குறைகூறி இதற்கு விடை சொல்லுதல் எளிது. எனினும், நாள்தோறும் கதவு திறந்து விளக்கேற்றும் குடிகள் உள்ள கோயில், இடிந்தாலும் எழும். அத்தகைய குடிகள் அகன்ற கோயில், இடிக்க ஒருவரும் இல்லாவிடினும் தானே சரியும். லக்குண்டியிலும் இதற்குச் சான்று உண்டு. பிரம்ம ஜினாலயத்துக்கு அருகே உள்ள நாகநாதர் கோயில், முன்னாளில் பார்சுவநாதருக்குரியதாக இருந்து, பின்னாளில் சிவாலயமாயிற்று என்பர். ஆளில்லா இல்லத்தில் பிறர் குடிபுகுதல் உலக இயல்பு. இதில் வருந்துவதற்கு இடமுண்டு, பகைப்பதற்கு இடமில்லை.

போளூரை அடுத்த திருமலையிலோ நிலைமை வேறு. அங்கும் குந்தவையார் பெயரால் ஜினாலயம் உண்டு. முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளை நிரல்படக் கூறும் புகழ்மிக்க கல்வெட்டு அம்மலையில்தான் உள்ளது. வென்ற நாடுகளின் பெயர்களை அடுக்கிச் செல்லும் அக்கல்வெட்டின் நோக்கம் யாது? நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, அவ்வாலயத்தில் நந்தா விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு அளித்தார் என்பதைப் பதிவுசெய்தலே! மன்னனின் வெற்றிகள் முன்னுரை. ஒரு சிராவகியின் விளக்கே பொருளுரை. வென்ற நாடுகளுள் ஒன்றேனும் சோழர் கையில் தங்கவில்லை. திருமலையில் அருக வழிபாடு இன்றும் தங்கியிருக்கின்றது. காரணம், அம்மலையை விட்டு அகலாத சிராவகக் குடிகளே.

நம் கடமை

அன்பர்களே! தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது விளங்கும். ஆலயம் கல்லால் எழுகின்றது, கையால் நிலைக்கின்றது. கொடுத்த கை ஒருமுறை வேண்டும்; காத்த கை ஒவ்வொரு நாளும் வேண்டும்.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில் நம் முன்னோர் எடுத்த ஜினாலயங்கள் பல உள்ளன. கல்வியும் தொழிலும் நாடி நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அது தவறன்று. ஆயின், நூறு வீடுகள் இருந்த இடத்தில் ஒரு சில வீடுகளே உள்ள ஊர்களில், முதியோர் சிலரே திருவிளக்கைக் காத்துவருகின்றனர். அவர்களுக்குப் பின் யார்? தாதாபுரம் ஆயிரம் ஆண்டு பழைய கதை என்று எண்ணற்க. அக்கதை அடுத்து எந்த ஊரில் நிகழும் என்பது நம் கையில் உள்ளது.

எனவே மூன்று கடமைகளை உங்கள் சிந்தனைக்கு வைக்கின்றேன்.

முதலாவது, விளக்கு. ஒவ்வொரு குடும்பமும் தன் பூர்விக ஊர் ஆலயத்தின் நித்திய பூசைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குதல் வேண்டும். சாமுண்டப்பை அளித்தது பெருஞ்செல்வமன்று. ஆனால் அணையாமல் எரிவதற்கென்று முறைப்படுத்தி அளித்தார். திருவிழா நாளில் ஆயிரம் விளக்கேற்றுவதினும், எந்நாளும் ஒரு விளக்கு எரியச் செய்தல் மேலானது.

இரண்டாவது, ஏடு. பழைய இல்லங்களின் பரண்களில் ஓலைச்சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் கையெழுத்துப் படிகளும் இன்னும் இருத்தல் கூடும். வீடு விற்கும்போதோ இடிக்கும்போதோ அவற்றைக் குப்பையில் சேர்த்துவிடாதீர். அறிந்தோரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு ஐயம் தீர்த்தவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தினர். அவர்கள் இல்லங்களில் அந்நூலைப் படிக்கும் வழக்கம் அறாது இருந்தமையாலன்றோ தமிழுலகம் அதனை மீளப் பெற்றது! அன்று ஆயிரம் ஓலைப் படிகள் எழுதுவித்தார் ஒரு தான சிந்தாமணி. இன்று ஒரு நூலை ஆயிரம் பேருக்கு அனுப்புதல் ஒரு நாழிகைப் பணி. வசதி பெருகியது, விருப்பமே பெருக வேண்டும்.

மூன்றாவது, வருகை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளோடு சொந்த ஊர் ஆலயத்துக்குச் செல்லுங்கள். அதிட்டானம் எது, விமானம் எது, இங்கு அமர்ந்தவர் எந்தத் தீர்த்தங்கரர், அவர்தம் இலாஞ்சனம் யாது என்று கைதொட்டுக் காட்டுங்கள். சுவரில் எழுத்திருந்தால் அதில் எவர் பெயர் உள்ளதென்று கேட்டறியச் செய்யுங்கள். ஆலயத்தை அறியாத பிள்ளை அதனைக் காக்க வராது. பெற்றோர் காட்டாததைப் பிள்ளை எவ்வாறு அறியும்?

புதிய ஆலயம் எடுக்க விழைவோரை நான் தடுக்கவில்லை. ஆயினும், இடியும் நிலையிலுள்ள ஒரு பழைய ஜினாலயத்தைப் புதுக்குவது புதியதொன்றை எடுப்பதினும் சிறந்தது என்பதே பெரியோர் கருத்து. புதிய ஆலயத்தில் கொடுத்தவரின் பெயர் விளங்கும். பழைய ஆலயத்தைப் புதுக்குங்கால் கொடுத்தவரின் பெயர் மறைந்து அறம் மட்டும் விளங்கும். தானத்தின் வழியாகவும் பற்று நுழையும் என்பதை அறிந்த அருகநெறியார்க்கு இதன் நுட்பம் புலப்படும்.

லக்குண்டியில் அடித்த பொற்காசுகள் கைமாறிக் கைமாறி எங்கோ மறைந்தன. அத்திமப்பையார் கைவிட்டுக் கொடுத்த பொன்னோ, ஆயிரம் ஆண்டாக மாக்கல்லில் நிற்கின்றது, ஏட்டில் வாழ்கின்றது. சேர்த்தது சென்றது, கொடுத்தது நின்றது. நாமும் கொடுப்போம், கொடுத்ததைக் காப்போம்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள் உங்கள் இல்லந்தோறும் ஒளிர்க! ஊர்தோறும் அருகன் ஆலயத் திருவிளக்கு அணையாது எரிக! அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!